பொருள்: மின்னல் வந்த வழி குறித்து

பெறுநர்: உத்தரவாதப் பிரிவு மேலாளர் அவர்கள், ஒரு பெரிய கணினி நிறுவனம் (பெயர் எதற்கு, பெட்டியின் மேல் பெரிதாகத்தான் இருக்கிறது).

பார்வை: ‘இயற்கைச் சீற்றம். உத்தரவாதம் பொருந்தாது’ என்ற தங்கள் ஒன்றரை வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் தங்கள் பொறியாளரின் திறமையைப் பாராட்டிவிடுகிறேன். வந்தார், கணினியின் மூடியைத் திறந்தார், நெட் ஒயர் சொருகும் இடத்தில் மிளகு அளவுக்குக் கருகியிருந்ததைப் பார்த்தார், மூடினார். காபி ஆற்றி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. “மின்னல் சார். கரண்ட் லைன்ல வரல, நெட் ஒயர்ல வந்திருக்கு.” போலீஸ்காரர்கூடத் திருடன் எந்த வழியாக வந்தான் என்று சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொள்வார்.

தங்கள் கையேட்டை நான் வேதமாக மதிப்பவன். ‘இடி மின்னலின்போது மின்னிணைப்பைத் துண்டிக்கவும்’ என்று அதில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஐப்பசியில் மத்தியானம் தாண்டி மேற்கே மலை கறுத்தால் அடுத்து என்ன என்று ஆடு மாட்டுக்கே தெரியும். நான் பிளக்கையே பிடுங்கி வைத்துவிட்டேன். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தாண்டி வந்த ஒன்று அதைத் தாண்டத் தயங்குமா?

இதைச் சொன்னதும் பொறியாளர் சிரித்தார். “நெட் ஒயரையும் கழட்டியிருக்கணும் சார்.” கையேட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். “அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!”

எல்லாருக்கும் தெரிந்ததை உங்களுக்கும் தெரிவித்துவிடுகிறேன். எங்கள் ஊரில் கண்ணாடி இழை தெருமுனைப் பெட்டி வரைதான் வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வருவது செப்புக் கம்பி. முருங்கை, தென்னை, மாடிக் கைப்பிடிச்சுவர் என்று தொற்றித் தொற்றி வரும். மின்னல் அதன்மேல் விழ வேண்டிய அவசியமே இல்லை. சராசரி மின்னல் ஒன்றில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் பாயும். அது நூறு இருநூறு மீட்டர் தள்ளி ஒரு பனைமரத்தில் இறங்கினாலே, நீளமாகக் கிடக்கும் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டுவிடும். தங்கள் கணினியின் மதர்போர்டில் அந்த ஒயரை எதிர்கொள்ள இருப்பதோ 1,500 வோல்ட் தாங்கும் சுண்டுவிரல் நுனி அளவு மின்மாற்றி. அதற்கு முன்னால் ஒரு காப்புக் கருவியை வைத்து எர்த்தோடு இணைக்கச் சில நூறு ரூபாய் ஆகும். கண்ணாடி இழையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் அந்த வழியே அடைபடும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. இந்த இரண்டில் எதையும் தங்கள் கடையில் யாரும் சொல்லவில்லை. சொன்னது வேறு: “ஸ்பைக் கார்டு ஒண்ணு போட்டுக்கோங்க சார், கம்ப்யூட்டருக்கு முழுப் பாதுகாப்பு.”

அதையும் வாங்கினேன். உள்ளே துத்தநாக ஆக்சைடில் செய்த, ஒரு ரூபாய் நாணயம் போன்ற வில்லை ஒன்று இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் அது வழிவிட்டு, அதிகப்படியானதைத் திருப்பி அனுப்பும். எங்கே அனுப்ப வேண்டும்? பூமிக்கு. ஆகவே கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது ‘வீட்டில் எர்த் இருக்கிறதா’ என்பது. அவர் கேட்டது ‘ஆறு பாயின்டா, நாலு பாயின்டா?’ எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மூன்றாவது ஓட்டை அழகுக்குத்தான் இருக்கிறது. எர்த்துக்கான பச்சை ஒயர் சுவிட்ச் பலகைக்குப் பின்னால் சுருண்டு தூங்குகிறது. இடி இடித்தால் எங்கள் பாட்டிமார் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்பார்கள். எர்த் இல்லாத வீட்டில் சிவப்பு விளக்கு எரியும் அந்தப் பெட்டியும் பெரும்பாலும் அவ்வளவுதான். பாட்டி காசு வாங்கவில்லை. போதாததற்கு அந்த வில்லை ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பல பெட்டிகளில் அது செத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும்.

என் வீட்டில் எர்த் உண்டு. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைபோல் வளர்க்கிறோம். தங்கள் பொறியாளரை அழைத்துப்போய்க் காட்டினேன். தென்னங்கன்று என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, ‘நல்லாருக்கு சார்’ என்றார்.

இனி பழுது பார்த்த கதை. போர்டு மாற்றத் தாங்கள் தந்த மதிப்பீட்டுத் தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுக் கணினியே வாங்கலாம். ஆகவே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைத் தம்பியிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, பிராசசர் உசுரோட இருக்கு, ராம் இருக்கு, ஹார்ட் டிஸ்க் இருக்கு. போர்டு மட்டும்தான் போச்சு” என்றார். நல்ல செய்திதானே? இல்லை. சந்தையில் கிடைக்கும் போர்டுக்கு 24 முனை கொண்ட மின்செருகி வேண்டும். மின்சாரம் வழங்கும் தங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இருப்பது தங்களுக்கென்றே பிறந்த வேறு செருகி. சரி, எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுவோம் என்றால், சந்தை எஸ்எம்பிஎஸ் தங்கள் கேபினெட்டில் உட்காராது. கேபினெட்டின் பவர் பொத்தானிலிருந்து வரும் ஒயரும் வேறு ஜாதி. செத்தது ஒன்று, அடக்கம் மூன்றுக்கு! மின்னல் ஒரே ஒரு பாகத்தைத்தான் எரித்தது. மற்ற இரண்டையும் எரித்தது யார் என்று தங்கள் பிரிவு ஒரு விசாரணை வைக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. ‘டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் தங்கள் ஆள் மூடியையே திறந்தார். தம்பி எந்தக் காகிதமும் நீட்டவில்லை. டிஸ்க்கை வேறு கணினியில் சொருகினார். எல்லாம் அப்படியே இருந்தது. கணினி எரிந்துவிட்டது என்று டிஸ்க்கையும் சேர்த்து எடைக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க.

பொறுப்பைக் கைகழுவும் இந்தச் சாமர்த்தியத்தில் தாங்கள் தனியாள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டின் வழக்கமான தீக்காப்பீட்டு ஒப்பந்தத்தில், ஈடு தரப்படும் ஆபத்துகளின் பட்டியலில் தீயோடு மின்னலும் உண்டு. சில பத்திகள் கீழே போனால், மின்சாதனத்துக்குள் ஷார்ட் சர்க்யூட் முதலியவற்றால் வரும் சேதத்துக்கு ஈடு கிடையாது, ‘எக்காரணமாயினும், மின்னல் உட்பட’ என்று இருக்கும். மேலே கொடுத்துக் கீழே வாங்கிக்கொள்வது ஒரு தனிக் கலை.

மின்னலைத் தடுத்து நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் செருகியைத் தங்கள் போர்டிலும் வையுங்கள். கணினியோடு ஸ்பைக் கார்டு விற்கும் கடைக்காரர், எர்த் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விற்கட்டும். பெட்டியின் மேல், தங்கள் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது; அதில் தமிழில் இதை அச்சிடுங்கள்: ‘இடி மின்னல் வருமுன் பிளக், நெட் ஒயர் இரண்டையும் கழற்றவும்.’ மைச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உத்தரவாதக் காலம் இன்னும் முடியாத வாடிக்கையாளர்.

நகல்: 1. எங்கள் கேபிள்காரர் அவர்களுக்கு — அடுத்த மழைக்குள் கண்ணாடி இழையை வீடுவரை இழுத்துத் தருமாறு.
2. தெருவின் எலெக்ட்ரீஷியன் அவர்களுக்கு — பலகைக்குப் பின்னால் தூங்கும் பச்சை ஒயர்களை எழுப்பி இணைக்குமாறு.