டாரட்டில் எகிப்து எங்கே?

கேள்வி: டாரட் சீட்டுப் படங்களில் எகிப்தின் ரகசிய ஞானம் ஒளிந்திருக்கிறதாமே?

பதில்: 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிரபுக்கள் பொழுதுபோக்க ஆடிய சீட்டு அது. எகிப்துக் கதையை 1781இல் கிளப்பியவர் பிரான்சின் கூர் த ஜெபெலின். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் வாசித்துக் காட்டியதோ 1822இல்! யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துக்கு உரை எழுதுவதில் ஒரு வசதி: மறுக்க ஆளில்லை. பிறகு எலிஃபாஸ் லெவி என்பவர் டாரட்டின் 22 பெருஞ்சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு முடிச்சுப் போட்டார்.

இன்று பரவலாகப் புழங்கும் கட்டு 1909இல் லண்டனில் வந்தது. திட்டம் வெயிட் என்பவருடையது, ஓவியம் பமேலா கோல்மன் ஸ்மித்துடையது; இருவரும் ‘கோல்டன் டான்’ ரகசியச் சங்கத்தில் இருந்தவர்கள். அதில் ‘பெண் பூசாரி’ சீட்டில் அவளுக்கு இருபுறமும் நிற்கும் தூண்கள் சாலமோன் ஆலயத்தின் யாகீன், போவாஸ். ராசி வரிசைக்கு ஒத்துவரவேண்டுமென்று ‘வலிமை’ சீட்டு 8ஆம் இடத்துக்கு ஏற, அங்கிருந்த ‘நீதி’ சீட்டு 11க்குத் தள்ளப்பட்டது.