ஒரே பிள்ளைக்கு எட்டுக் காதுகுத்து

ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் காது குத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொய் எழுதி முடித்தால் கணக்குத் தீர்ந்தது. ஆனால் ஜப்பானில், கியோட்டோ நகரத்தில் நிண்டெண்டோ என்றொரு வீடியோ கேம் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்துக்கு 1985-இல் முதல் காதுகுத்து. கேசட்டாக விற்றார்கள், நியாயம். 2004-இல் அதே ஆட்டம் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தது. மொய். 2006-இல் வீ பெட்டியின் இணையக் கடையில் ஐந்து டாலர். மொய். அடுத்து 3டிஎஸ் என்ற கைக்கருவிக்கு ஒன்று, வீ யூ என்ற அடுத்த பெட்டிக்கு ஒன்று. வீயில் ஏற்கெனவே வாங்கியிருந்தால் வீ யூவில் சலுகையாம், ஒரு டாலர் கட்டினால் போதுமாம்! 2016-இல் குட்டிப் பெட்டி, 2018-இல் இணையச் சந்தா, 2020-இல் உள்ளங்கை அளவில் கேம் அண்ட் வாட்ச். பிள்ளையின் காதில் இனி ஓட்டை போட இடமில்லை. அதனாலென்ன, ரசிகனின் காது இருக்கிறதே.

வாங்கிக் குவித்த இணையக் கடைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. வீ கடை 2019 ஜனவரியில் போனது. 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-இல். 3டிஎஸ் மட்டுமே உலகம் முழுக்க ஏழரைக் கோடிக்கு மேல் விற்ற கருவி. வாங்கியவர்களுக்கு ஏழரை அன்றைக்குப் பிடித்தது. அதற்கும் முன்னோட்டம் உண்டு. 2022 மே மாதத்திலிருந்து கடைக்குள் கிரெடிட் கார்டு செல்லாது, ஆகஸ்டிலிருந்து முன்பணம் கட்டி வாங்கும் கடை அட்டையும் செல்லாது. சரக்கு அலமாரியில் இருக்கும், கல்லாவில் மட்டும் ஆள் இருக்க மாட்டார்.

அமெரிக்க யூடியூபர் ஒருவர், மூடுவதற்குள் அந்த இரண்டு கடைகளையும் மொத்தமாகவே வாங்கிவிடக் கிளம்பினார். வங்கிக்கே சந்தேகம் வருமளவு கார்டைத் தேய்த்து, கடை கடையாக ஏறி அட்டை பொறுக்கி, 328 நாள் உட்கார்ந்து இறக்கினார். வீ யூவுக்கு 866 ஆட்டம், 3டிஎஸ்ஸுக்கு 1,547. செலவு 22,791 டாலர். இத்தனை பணத்துக்கும் கையில் மிஞ்சியது சொத்தா? இல்லை, உரிமம். பழையதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், 'இப்போதைக்கு'. குடக்கூலிக்காரனுக்குக்கூட நோட்டீஸ் உண்டு.

பழைய ஆட்டங்களைப் பாதுகாக்கும் கடமை உங்களுக்கு இல்லையா? இந்தக் கேள்வியை, மூடல் அறிவிப்போடு போட்ட கேள்வி–பதில் பட்டியலில் நிறுவனமே கேட்டுக்கொண்டது. சந்தாவில் 130-க்கும் மேல் பழைய ஆட்டங்கள் தருகிறோம், வேறு திட்டம் இல்லை என்று பதிலும் சொன்னது. ரசிகர்கள் கொதித்ததும் கேள்வியையே தூக்கிவிட்டது. விடையை அடித்துத் திருத்துகிற மாணவனைப் பார்த்திருக்கிறோம், கேள்வித்தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டவனை இப்போதுதான் பார்க்கிறோம்.

சரி, நூலகங்களாவது வைத்துக்கொள்ளட்டுமே? 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அமைப்பு 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு கேட்டபோது, நிண்டெண்டோவும் உறுப்பினராக உள்ள கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகமும் மறுத்துவிட்டது. சொன்ன பயம் என்ன தெரியுமா? அனுமதித்தால் யாராவது பொழுதுபோக்காக விளையாடிவிடுவார்களாம். விளையாட்டை. விளையாடிவிடுவார்களாம்!

கம்பெனி மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறான். சம்பளமில்லாத வக்கீல்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் தாங்க முடியவில்லை. "கம்பெனி என்றால் லாபம் பார்க்கத்தானே செய்யும்?" "இப்போது யார் வீ யூ வைத்திருக்கிறார்கள்?" பர்ஸைப் பறிகொடுத்தவனே திருடனுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்து, மீட்டருக்கு மேல் பத்து ரூபாயும் போட்டுத் தருகிறான்.

2025-இல் ஸ்விட்ச் 2 என்ற புதுக் கருவி வந்தது. அதற்கான பல ஆட்டங்களின் பெட்டியைத் திறந்தால் சின்ன அட்டை ஒன்று. அட்டைக்குள் ஆட்டம் இல்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சாவி மட்டும்தான். "அதை மறுவிற்பனை செய்யலாமே சார்!" என்று வக்கீல் எழுந்துவிட்டார். கடை மூடிய பிறகு யாருக்கு, எதை விற்பது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் வாய்தா வாங்குவார்.

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் மஞ்சள் கேசட் விற்றார்கள். நூறு ஆட்டம் என்று மேலே அச்சடித்திருக்கும், உள்ளே ஐந்தோ ஆறோதான் திரும்பத் திரும்ப வரும். கள்ளச் சரக்கு. ஒன்று என் பரணில் கிடக்கிறது. தூசியை ஊதிச் செருகினால் மரியோ இன்றைக்கும் குதிக்கிறான்.