செய்தியோடைத் திரட்டி இலக்கணம்: ஜொகூர் வழக்கு

பாயிரம்

பல தளங்களின் புதுச் செய்திகளை ஓடையாக வாங்கி ஒரே இடத்தில் காட்டும் செய்தியோடைத் திரட்டிகளைப் பற்றி எழுதிய முன்னோர், அவை செய்தி படிப்பதற்கென்று ஏற்பட்டவை எனக் கொண்டு நூல் செய்தனர். மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழ் வீடுகளில், வரவேற்பறை மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்த கணினிகளை அவர்கள் பார்த்ததில்லை போலும். அங்கே திரட்டி என்பது இறக்கவும், நிறுவவும், திறந்து பார்க்கவும், உதட்டைப் பிதுக்கவும், நீக்கவும், இதைவிட நல்லது ஒன்று வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லவும் உரிய பொருள். செய்தி படிக்க நாளிதழ் இருந்தது. காலையில் ஒட்டுக்கடையில் பசியாறும்போதே அந்த வேலை முடிந்துவிடும்.

நூலின் எல்லை: வடக்கே சிகாமட், கிழக்கே மெர்சிங், மேற்கே மூவார், தெற்கே 1924இல் திறந்த ஜொகூர் பாலம். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் உள்ளோர் எல்லா மென்பொருளையும் காசு கொடுத்தே வாங்குவார்கள் என்று நம் பக்கத்தில் ஒரு வதந்தி உண்டு. ஆகவே அவர்களை ஆராயவில்லை. காலம்: ஆர்எஸ்எஸ் 2.0 என்ற ஓடை வடிவம் (நாக்பூரில் இருப்பது வேறு) வெளிவந்த 2002 முதல், கூகுள் ரீடர் திரட்டி மூடப்பட்ட 2013 ஜூலை 1 வரை. பயன்: இல்லை.

எழுத்தியல்

விலை, வேகம், தோற்றம் என்று திரட்டிகளை வகுப்பது ஆங்கிலக் கணினி இதழ்களின் வழக்கம். தமிழ் வீட்டில் அதெல்லாம் பிறகு. முதலில் ஒரே கேள்விதான்: இது தமிழை என்ன செய்கிறது? அதன்படி திரட்டிகள் நான்கு. பெட்டி காட்டுவன, வினாக்குறி காட்டுவன, கொம்பு முறிப்பன, ஒழுங்காகக் காட்டுவன. நான்காம் வகையைக் கண்ட அன்றே ஆய்வாளர் தம் ஆய்வை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. காரணம் பின்னர் வரும்.

பெட்டி பெரிய குற்றம் அன்று. எழுத்து வந்து சேர்ந்துவிட்டது, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவே. லதா எழுத்துருவை இட்டால் தீரும். வினாக்குறி அப்படியன்று. நிரலின் வாசலிலேயே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு வினாக்குறியாக மாற்றப்பட்டு, மூலம் அழிந்துவிடும். எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது.

ஏன் இப்படி என்பதை இங்கே கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனெனில் இந்த அநீதியைப் பற்றி வேறு நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பழைய விண்டோஸ் நிரல்கள் ஒரு நேரத்தில் ஒரு குறிப்பக்கத்தை, அதாவது ஓர் எழுத்து அட்டவணையை, மட்டும் அறிந்தவை. சீனத்துக்கு 936, 950, தாய்லாந்து மொழிக்கு 874, வியட்நாமியத்துக்கு 1258, அரபுக்கு 1256. தமிழுக்கு அப்படி ஒரு பக்கம் ஒதுக்கப்படவே இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோது ஒருங்குறியாக மட்டுமே வந்தது. ஆக ஒரே குடியிருப்புத் தாமானில், ஒரே வரிசையில், சீனர் வீட்டுப் பையன் ‘ஒருங்குறி அல்லாத நிரல்களுக்கான மொழி’ என்ற இடத்தில் சீனத்தைத் தேர்ந்தெடுத்துக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நிரலும் சீனம் காட்டும். மலாய்க்காரர் வீட்டில் ரூமி எனும் ரோமன் எழுத்து. அவர்களுக்கு இந்த இயலே வேண்டியதில்லை. நம் வீட்டுப் பையன் அதே பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தேடுவான். அதில் தமிழ் இராது.

இதில் இருமுகத் திரட்டி என்றோர் உட்பிரிவு உண்டு. அக்காலத் திரட்டிகள் பல, கட்டுரையைக் காட்டும் வேலையை உள்ளே ஒளிந்திருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரிடம் ஒப்படைத்திருந்தன. அதனால் வலப்பக்கக் கட்டுரை தெளிந்த தமிழில் நிற்கும். இடப்பக்கப் பட்டியலில் தலைப்பெல்லாம் வினாக்குறி. எதைத் திறப்பது? எண்ணிப் பார்த்துத் திறக்க வேண்டியதுதான். மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினாக்குறி என்பது விதி. எட்டு வினாக்குறி, ஓர் இடைவெளி, பின் நான்கு எனில் அது ‘பெட்ரோல் விலை’. ‘சர்க்கரை விலை’க்கும் இதே கணக்கு வருமே என்பர் மறுப்போர். நம் நாட்டில் அதைச் சீனி என்போம் ஆதலால் மயக்கம் இல்லை.

மூன்றாவது, கொம்பு முறிப்பன. ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககரமும் அதன்பின் கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டு வருவது விண்டோஸின் வேலை. விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த வேலையைச் செய்யும் கோப்புகள் தாமாக வருவதில்லை. வட்டார, மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிட்டதும் அது மூல வட்டைக் கேட்கும். இதற்கு மேல் சாத்திரம் உதவாது. மாசாய் வட்டாரத்தில் நிகழக்கூடிய உரையாடல்தான் மேற்கோள்:

“மாமா, கொம்பு பின்னால போயி நிக்குது. கூடவே ஒரு புள்ளி வட்டம்.”

“விண்டோஸ் சிடி இருக்கா தம்பி?”

“கடைக்காரர் குடுக்கலியே மாமா.”

“அப்ப அங்கயே நிக்கட்டும்.”

இந்த நான்கிலும் அடங்காதது திஸ்கி. ஆங்கில எழுத்துகளுக்கு மேலே இருந்த இடத்தில், உச்சிக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளை நகர்த்திவிட்டுத் தமிழைக் குடியேற்றிய முறை அது. ஆகவே வினாக்குறி காட்டும் நிரலும் திஸ்கி எழுத்துருவைக் கொடுத்தால் வாயடங்கித் தமிழ் காட்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் சில வாரம் மார்பு நிமிர்ந்து திரிந்தார்கள். பிறகு ஆங்கிலக் காற்பந்துச் செய்தியில் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒருவர் பெயரின் நடுவே ஒரு தமிழ் எழுத்து முளைத்தது. இதற்கிடையே 1999இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என இரு முறைகளை ஏற்றது. தமிழகத்து இதழ்களோ ஆளுக்கொரு சொந்த எழுத்துரு வைத்துக்கொண்டன. எழுதும் பக்கத்தில் நமக்குக் குறை இல்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே தொடங்கிய முரசு அஞ்சல் இருந்தது. பின்னால் எ-கலப்பையும் வந்தது. தட்டச்சு செய்யத் தெரிந்த வீட்டில் வாசிக்க வழியில்லாமல் போனதே இந்த இயலின் சாரம்.

ஓடையியல்

ஓடைகளின் குலமுறையைச் சொல்ல முயன்றவர்கள் களைத்துப் போனார்கள். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது ஆர்எஸ்எஸ் 0.90. அதே ஆண்டு 0.91. 2000 டிசம்பரில் 0.92உம் 1.0உம் வந்தன; ஆனால் எண்ணைப் பார்த்து 1.0 மூத்தது என்று வணங்கிவிடக் கூடாது, அது வேறு வீட்டுப் பிள்ளை. இரு வீட்டுச் சண்டையைத் தீர்க்க வந்த ஆட்டம் 1.0 என்ற வடிவம், 2005 டிசம்பரில் தானும் ஒரு கட்சியாயிற்று. நல்ல திரட்டி இவை அனைத்தையும் விழுங்கும் என்பதால் வாசகர் இதை மறந்துவிடலாம்.

கொடுக்கும் அளவால் ஓடை மூன்று: முழுதும் தருவது, முகம் மட்டும் காட்டுவது, விளம்பரம் மட்டும் தருவது.

முக்கியமானது அதன் ஞாபகம். ஓடையில் பொதுவாகக் கடைசிப் பத்துப் பதினைந்து செய்திகள் மட்டுமே இருக்கும். புதியது உள்ளே வந்தால் பழையது வெளியே போகும். மேசைக் கணினித் திரட்டி மணிக்கு ஒரு முறை போய் “புதிது உண்டா” என்று கேட்டு வாங்கி வைக்கிறது. கேட்காத நேரத்தில் வந்து போனது போனதுதான். ஜொகூரில் இது எளிய விஷயமில்லை. பிற்பகலில் இடி இடித்தால் மோடத்தின் வயரைப் பிடுங்குவது இங்கே குடும்ப மரபு; அம்மாதான் முதலில் பிடுங்குவார். தீபாவளிக்குச் சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போனால் கணினி சில நாள் உறங்கும். திரும்பி வந்து பார்த்தால், வேகமாக ஓடும் ஓடைகளில் நடுவில் பெரிய இடைவெளி. அந்த நாள்களில் உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றே திரட்டி சாதிக்கும்.

இந்தக் குறையை 2003இல் வந்த புளாக்லைன்ஸும் 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடரும் நீக்கின. அவை எங்கோ இருந்த சேவையகங்களில் விழித்திருந்து கேட்டு வைத்தன. தமிழுக்கென்றே 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார்; வலைப்பதிவுகள் எல்லாம் ஒரே பக்கத்தில், உடையாத எழுத்தில், ஓடை முகவரி எதையும் தேட வேண்டிய தொல்லையின்றி வந்து நின்றன. பயன் கருதிப் பார்த்தால் இந்நூல் இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அதில் நிறுவுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே ஆய்வுக்குத் தகுதியற்றது என்று ஜொகூர் ஆய்வாளர் அதை ஒதுக்கினார். தினமும் அதைத்தான் படித்தார் என்பது வேறு.

ஆளியல்

ஆய்வோரில் தலையாயவர் நாளெண்ணிகள். முப்பது நாள் சோதனைப் பதிப்பை இருபத்தொன்பதாம் நாள் வரை திறக்காமல் வைத்திருப்பவர்கள். ஃபீட்டெமன் என்றொரு திரட்டி. நிக் பிராட்பரி எழுதியது, 2003இல் வந்தது, விலை முப்பது அமெரிக்க டாலர் அளவில். டாலருக்கு ரிங்கிட் 3.80 என்று கட்டி வைத்திருந்த காலம் அது. நூறு வெள்ளியைத் தாண்டிவிடும். அந்தக் காசுக்கு மாதக் கணக்கில் நாளிதழ் வாங்கலாம் என்று அப்பா சொல்வார், வாங்கவும் செய்வார். எனவே நாளெண்ணி கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவார். சோதனைக் காலம் சில நிரல்களில் நீளும். கூடவே ஒரு விபரீதம் நிகழும். ஓடையில் ஒவ்வொரு செய்திக்கும் தேதி உண்டல்லவா? இன்றைய செய்தியெல்லாம் அடுத்த மாதத்துச் செய்தியாகிப் பட்டியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாளை நடப்பதை இன்றே அறிந்த ஒரே வாசகர் கூட்டம் இது. 2008 ஜனவரியில் ஃபீட்டெமன் இலவசம் என்று அறிவித்ததும், இவர்களிடையே அதன் மதிப்பு சரிந்தது.

மேனியர் என்போர் நிறமும் தோலும் மட்டும் மாற்றுவர். பார்வைக்கு நல்லவர்கள், கடந்து போவோம்.

குவிப்போர் கண்ட ஓடையையெல்லாம் சேர்ப்பர். பிபிசி தமிழ், சிங்கப்பூர்ச் செய்தி, கோலாலம்பூர் அரசியல், பின்லாந்தில் ஒருவர் எழுதும் லினக்ஸ் குறிப்புகள், ஒரு கேமரா நிறுவனத்தின் அறிவிப்புகள். 384 கிலோபிட் ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கினால், அடுத்த அறையில் அக்காளின் அரட்டைச் சாளரம் உறைந்து, அங்கிருந்து ஒரு குரல் வரும். குவிப்போரின் துன்பம் படிக்காத எண்ணிக்கை. கூகுள் ரீடர் கருணையோடு ஆயிரத்தைத் தாண்டினால் ‘1000+’ என்று நிறுத்திக்கொண்டது. ஃபீட்டெமனில் பீதிப் பொத்தான் என்றே ஒன்று வைத்திருந்தார்கள்: அழுத்தினால் பழைய செய்திகள் எல்லாம் படித்ததாகக் குறிக்கப்படும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்துக்கு இப்படி ஒன்று இருந்திருக்கலாம். குவிப்போர் அதை அழுத்துவர், பத்து நிமிடம் நிம்மதியாக இருப்பர், பிறகு புதிய ஓடைகளைச் சேர்ப்பர்.

படிப்போர் என்றொரு வகையைச் சிலர் சொல்வர். பத்து பகாட்டில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்ததில், அவர் படித்துக்கொண்டிருந்தது உரிம ஒப்பந்தம்.

இனி, முன்பு தள்ளி வைத்த வினா: ஒழுங்காகத் தமிழ் காட்டும் நிரல் கிடைத்த பிறகும் இவர்கள் ஏன் நிறுத்தவில்லை? என் கருத்து இது. தொடக்கத்தில் இவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் கொம்பு சரியான பக்கம் வந்துவிட்டதா என்று யாராவது பார்க்கத்தான் வேண்டும். தமிழ் வீட்டைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. நிரல் எழுதியவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார். அவருக்குக் கொம்பு என்றால் மாட்டுக்கு இருப்பது. சில வருடம் இப்படிப் பார்த்துப் பார்த்தே, பார்ப்பது ஒரு தொழிலாகிவிட்டது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்தாவில் சிக்கலான எழுத்துகள் கேளாமலேயே இயங்கின. வட்டு வேண்டாம், கட்டத்தில் குறி வேண்டாம். காரணம் போயிற்று. தொழில் நின்றது. மன்னிக்கவும்: ‘நிலைத்தது’ என்று கொள்க.

புறனடை

சொன்ன காலத்துக்குப் பிந்தியவை சில. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஓடைகள் ஊறுவது பெரும்பாலும் கோலாலம்பூரில். அங்கே சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை நம்மவர் வீட்டில் இருக்கையில் ஓடை கரைபுரளும். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் பள்ளியில் நிற்கையில் அது வற்றிக் கிடக்கும். 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் நாட்டோடு சேர்ந்துவிட்டதால் இந்த விதி வழக்கொழிந்தது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஓடை காட்டிவந்த தன் நேரடிப் புத்தகக்குறிகளை 2018 டிசம்பரில் 64ஆம் பதிப்போடு கைவிட்டது. தண்டர்பேர்டு இன்றும் ஓடை படிக்கிறது, எழுத்தும் உடைவதில்லை. அதனாலேயே அதை யாரும் சோதிப்பதில்லை. ஒரு திரட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பில் கட்டி எடுத்துப் போகலாம். ஆய்வாளரிடம் மிஞ்சும் ஒரே சொத்து அது. அந்தப் பட்டியலில் உள்ள வலைப்பதிவுகளில் பல என்றோ நின்றுவிட்டன. நின்றதையும், இன்று செய்தி இல்லாததையும் பல திரட்டிகள் ஒரே மாதிரிதான் காட்டும். எனவே அவற்றை எந்த வகையிலும் சேர்க்க இயலவில்லை. ஆய்வாளர் எதையும் நீக்காமல் அப்படியே அடுத்த நிரலுக்குள் கொட்டுவார்.

கைபேசியில் செய்தி பார்ப்போரையும் வகுத்துத் தரும்படி சிலர் கேட்டனர். அங்கே நிறுவல் ஒரே தட்டில் முடிகிறது. அமைப்புப் பக்கத்தில் மாற்ற அதிகம் இல்லை. வட்டு கேட்பதில்லை, கொம்பும் முறிவதில்லை. ஆராய்வதற்கு ஒன்றுமே இல்லாத கூட்டம். அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.