தலைக்கு ஒரு டாலர்

குமணன்சாவடி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் குமணன் கதை லேசாகவாவது தெரிந்திருக்கும். தம்பி நாட்டைப் பிடுங்கிக்கொண்டு அண்ணன் தலைக்கு விலை வைத்தான். காட்டில் கிடந்த அண்ணனோ, தேடி வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனார் கையில் வாளைக் கொடுத்து, ‘என் தலையை வெட்டிக் காசாக்கிக்கொள்ளுங்கள்’ என்றான். இந்த ரக வள்ளல் மருத்துவத்திலும் ஒருவர் உண்டு. பணம் கேட்டால் அள்ளிக் கொடுப்பார். பேரில் மட்டும் பங்கு கேட்டுவிடக் கூடாது!

பிரெடரிக் பேண்டிங். இன்சுலின் தந்த மகான். அவர் பிறந்த நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறோம். நம்மூரில் அன்றைக்குக் குழந்தைகள் தினம். ஸ்கூல் ஸ்கூலாக மிட்டாய் கொடுப்பார்கள். என்ன பொருத்தம், பாருங்கள்!

1920-ல் கனடாவில் ஒரு கிளினிக் திறந்தார் பேண்டிங். முதல் மாத வருமானம் 4 டாலர். ஈ ஓட்டுகிற டாக்டருக்கு யோசிக்க நேரமா இல்லை? அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் புரண்டவர் எழுந்து நோட்டில் ஒரு ஐடியாவைக் குறித்துக்கொண்டார். நாயின் கணையக் குழாயைக் கட்டிப்போடு, செரிமானச் சாறு சுரக்கும் பகுதி வாடிப்போகட்டும், மிச்சத்திலிருந்து மருந்தை எடு! குறிப்பில் டயாபடீஸுக்கே ஸ்பெல்லிங் தப்பு. அதையாவது விடலாம், ஐடியாவே பாதி தப்பு. குழாயைக் கட்டவே வேண்டியதில்லை, கசாப்புக் கூடத்து மாட்டுக் கணையமே போதும் என்று பிற்பாடு தெரிந்தது.

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாட் அரை மனசாக லேபில் இடம் கொடுத்தார். கொஞ்சம் நாய்களையும் கொடுத்தார். 1921 கோடையில் ஸ்காட்லாந்துக்கு லீவில் போய்விட்டார். உதவிக்கு இரண்டு மாணவர்கள். யார் முதலில் வருவது என்று காசு சுண்டிப் பார்த்ததில் சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார். தோற்றவர் பெயர் கிளார்க் நோபிள். பாவம், நோபல் பக்கம் அவர் போனது பெயரளவில்தான்.

1922 ஜனவரி 11. சாகக் கிடந்த 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி. மருந்தா அது? கலங்கல் கஷாயம்! ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியதுதான் மிச்சம். 12 நாள் கழித்து, கொலிப் என்கிற உயிர்வேதியியல்காரர் சுத்தம் பண்ணிக் கொடுத்ததைப் போட்டார்கள். சர்க்கரை சர்ரென்று இறங்கியது. பையன் பிழைத்தான். லேபில் கேக் வெட்டினார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதே நாட்களில்தான் கொலிப், ‘ஃபார்முலாவைச் சொல்ல முடியாது’ என்று முறுக்கிக்கொள்ள, பேண்டிங் அவர் மேல் பாய, பெஸ்ட் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்.

ஆனால் காசு விஷயத்தில் அசல் குமணன்கள்! 1923-ல் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டது தலைக்கு ஒரு டாலர். இன்றைய ஸ்டார்ட்-அப் தம்பிகள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

அதே வருஷம் நோபல் வந்தது, பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும். ‘லீவில் போனவருக்கா!’ என்று பேண்டிங் குதித்த குதியில், பரிசே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தார்கள். கடைசியில் தன் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். உடனே மெக்லியாடும் தன்னுடையதில் பாதியை கொலிப்புக்குக் கொடுத்தார். ஒரு பரிசு, நாலு பங்கு, சமாதானம் மட்டும் நாஸ்தி.

நம்மூர் டாக்டர் எம். விஸ்வநாதனுக்கு இப்படிப்பட்ட கூட்டாளித் தொல்லை இல்லை. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனி கிளினிக் ஆரம்பித்தார். 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே கட்டினார். அவர் மோத வேண்டியிருந்தது சோற்றோடு. மேல்நாட்டுக்காரர்கள் மாவுச்சத்தைக் கட் பண்ணச் சொன்னால், தட்டில் சோறு இல்லாமல் நம் ஆள் எழுந்திருப்பாரா? மாவுச்சத்தும் அதிகம், நார்ச்சத்தும் அதிகம் என்று ஒரு சாப்பாட்டு முறையை அவருடைய குழு நோயாளிகளிடம் வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்து எழுதியது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரைக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். அந்த மாவுச்சத்துப் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் நாம். டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம்: “அரிசியை அடியோட நிறுத்திட்டேன் சார். இப்பல்லாம் மூணு வேளையும் இட்லிதான்!”