ஒரே முகம், இரண்டு மனசு

கேள்வி: ஹாரி பாட்டரில் ஃப்ரெட், ஜார்ஜ் இரட்டையரில் யார் யாரென்றே புரியவில்லை என்கிறாள் மகள். எழுதியவரே பிரித்துக் காட்டவில்லையோ?

பதில்: பெற்ற தாயையே குழப்பி விளையாடுகிறவர்கள் ஆயிற்றே, பாவம் உங்கள் மகள் என்ன செய்வாள்! ஆனால் ரௌலிங் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். நான்காம் நாவலில் (2000), அறை மூலையில் இருவரும் தலையோடு தலை சேர்த்து ஒரு கடிதம் எழுதுவார்கள். குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கிறது, ஜாக்கிரதை என்று தலையசைப்பவன் ஜார்ஜ். எப்போதும் முந்திக்கொள்பவன் ஃப்ரெட். அந்த ஒரு தலையசைப்பைப் பிடித்துக்கொண்டால் போதும், பிறகு குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கடைசி நாவலில் ஜார்ஜ் ஒரு காதை இழக்கிறான். அதற்குப் பிறகு அம்மாவுக்கும் குழப்பமில்லை. அந்த இடத்தில் சிரிப்பு வரும், தொண்டையும் அடைக்கும்.

இதே கதையின் இன்னொரு இரட்டையரான பார்வதி, பத்மா பட்டீல் சகோதரிகளை ரௌலிங் பள்ளியில் ஆளுக்கொரு இல்லத்தில் சேர்த்தார்: பார்வதி கிரிஃபிண்டார், பத்மா ரேவன்க்ளா. எத்தனை அழகான யோசனை! படமெடுத்தவர்களோ இருவரையும் ஒரே இல்லத்தில் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.