அரியாலை மொட்டைமாடி: பரபக்கமும் சுபக்கமும்

வீட்டுக் கூரையில் நாலு கதிரை போட்டு மாலைக் காற்று வாங்குவது எளிய காரியம் என்பது உலக வழக்கு. யாழ்ப்பாணத்து அரியாலையில் அஃது எளிதன்று என்பதே இவ்வாய்வின் துணிபு. கண்டி வீதியிலிருந்து கடல்நீரேரிப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலாவது நின்று அண்ணாந்து பாருங்கள். தட்டைக் கூரைகளுக்குக் குறைவில்லை. அவற்றின்மேல் இருந்து தேநீர் குடிக்கும் மனிதரைத்தான் காணவில்லை. காரணம் யாது? பரபக்கத்தில் பிறர் கொள்கையை மறுத்தபின் சுபக்கத்தில் தன் கொள்கையை நாட்டுவது சிவஞான சித்தியார் போன வழி. கூரை விசாரணைக்கும் அது போதும்.

பரபக்கத்தில் முதலில் எழுபவர் வெயில்வாதியர். யாழ்ப்பாணம் ஒன்பதரைப் பாகை வட அகலக்கோட்டுக்குச் சற்று மேலே கிடப்பதால், சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை. பஞ்சாங்கக்காரரும் வானிலைக்காரரும் சண்டையின்றி ஒத்துப்போகும் அபூர்வமான நாள் அது. அன்று மதியம் 12.10 அளவில் மாடியில் நின்றால், கறுப்புத் தண்ணீர்த்தாங்கியின் நிழல் அதன் அடியிலேயே பதுங்கிவிடும். கீழே குழாயைத் திறந்தவர் கையை உதறுவார். பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கொங்கிறீட் இரவு நெடுநேரம் படுக்கையறைக்குள் கக்கும். எல்லாம் மெய்யே. ஆயினும் இதே வெயிலை நம்பித்தான் ஆச்சி ஒடியல் பரப்புகிறார். ஒருவருக்குத் தடையானது இன்னொருவருக்கு மூலதனமாக இருப்பதால், இவ்வாதம் நிலையாது.

அடுத்தவர் ஒழுக்குவாதியர். இவர்களுக்கு உலகச் சான்று உண்டு. கூரைத் தோட்டத்தைப் புதிய கட்டடக்கலையின் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1920களில் அறிவித்தவர் லெ கோர்பூசியே. பாரிசுக்கு அண்மையில் 1931 அளவில் அவர் கட்டி முடித்த வில்லா சவோய் வீட்டுக்காரி, வீட்டுக்குள்ளேயே மழை பெய்கிறதென்று அவருக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். எங்கள் மேசன் அங்கே போயிருந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருப்பார்: "வாட்டம் விட்டனீங்களோ, அண்ணை?" எண்பது அடிக்கு ஓரடியாவது சரிவு வேண்டும். குடாநாட்டுக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். நூறு சதுர மீற்றர் மாடியென்றால் 1,25,000 லீற்றர். ஆறே இல்லாமல் சுண்ணக்கல்லுக்குள் ஊறும் கிணற்றை நம்பி வாழும் ஊரில், இதைப் பீலி வழியே நிலத்துக்குள் இறக்காமல் ஒழுக்கென்று திட்டுவது நன்றிகேடு.

மூன்றாமவர் சரித்திரவாதியர். 1990களில் சீமெந்தும் இரும்புக் கம்பியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். வானத்திலிருந்து எது விழும் என்று தெரியாத காலத்தில் சனம் தேடியது மாடியை அல்ல, பங்கரை. 2002இல் ஏ-9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, போர் முடிந்த 2009இல் மீண்டும் திறந்தது. இவர்களை மறுக்க மனம் வரவில்லை. எனினும் அதன்பின் சீமெந்து வந்தது, கதிரை ஏறவில்லை. ஆகவே வேறு காரணம் தேடுக.

இனிச் சுபக்கம். மொட்டைமாடி வெறும் இடமன்று. ஏற்கெனவே குடியேறப்பட்ட காணி. அதன் முதல் உரிமையாளர், இன்னும் கட்டப்படாத மேல்வீடு. தூண் தலைகளில் மூன்றடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகளைக் காண்க. சில வீடுகளில் அவற்றின்மேல் சோடாப் போத்தல் கவிழ்த்திருக்கும். ஆனாலும் உப்புக்காற்று உள்ளே புகுந்து துரு ஏற்றிவிடும். மேல்வீட்டின் உரிமையை மூவகை அளவையாலும் நிறுவலாம். கம்பி தெரிவது காண்டல். புகை கண்டு நெருப்பைக் கருதுமாறு, கம்பி கண்டு மேல்வீட்டைக் கருதுவது கருதல். கனடாவிலிருந்து மருமகன் தொலைபேசியில் "வாற வருஷம் கட்டுவம்" என்பது உரை. மூன்றும் பொருந்திவிட்டதால் ஐயத்துக்கு இடமில்லை, காசுதான் மிச்சம்.

இரண்டாம் உரிமை ஆச்சிக்கு. தை, மாசியில் ஒடியல், சித்திரையில் வேப்பம்பூ வடகம், ஆவணியில் பினாட்டு, இடையிடையே மோர்மிளகாய் என்று அவருக்கு ஆண்டு முழுதும் பதிவு உண்டு. ஆயிரம் லீற்றர் தாங்கியும், நிரம்பினால் ஒரு தொன் பாரத்தோடு, யாரையும் கேளாமல் ஒரு மூலையை எடுத்துக்கொள்கிறது. தைப்பொங்கல் வந்தால் பெடியள். விண் பூட்டிய பட்டத்தை ஏற்றி, இரவிரவாகக் கூவட்டும் என்று நூலை அந்தக் கம்பியிலேயே கட்டிவிட்டுப் படுக்கப் போகிறார்கள்.

பட்டம் விடுபவன் வானத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பான் என்பதால் இங்கே கைப்பிடிச்சுவர் பற்றி ஒரு வார்த்தை. புதுவீட்டு மாடிக்குச் சுவர் கட்டு என்று விவிலியத்தின் உபாகமமே, 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில், விதித்திருக்கிறது. பேர்சிவல் பாதிரியார் தமிழாக்கி 1850இல் அச்சேற்றிய விவிலியத்தில் அவருக்குத் துணைநின்றவர் பக்கத்து ஊரான நல்லூரின் ஆறுமுக நாவலர். இவ்வளவு அருகில் சட்டம் இருந்தும் நாம் சுவரை இரண்டடியில் நிறுத்துகிறோம். மேல்வீடு வரும்போது இடிக்கத்தானே வேண்டும் என்பது கணக்கு. உயிரைவிடச் சீமெந்து விலை கூடியது போலும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகன் இதையெல்லாம் ஆராயாமல் கதிரையும் பூச்சாடியும் ஏற்றினார். வெயில் பொறுக்கவில்லை; நிழலுக்குக் கிடுகு வாங்கி, காட்டுத்தடி நாட்டி, தடிகளை அதே கம்பிகளோடு வரிந்து கட்டினார். ஓலை வீட்டிலிருந்து ஓட்டு வீட்டுக்கும், ஓட்டிலிருந்து கொங்கிறீட்டுக்கும் மூன்று தலைமுறையாக ஏறிய குடும்பத்துக்கு இப்படியாக மேல்வீடு வந்தே விட்டது, ஓலையில்.

ஆச்சி வழக்கு வைத்தார்: "உந்தக் கொட்டில் நிழல் விழுந்தால் ஒடியல் பூஞ்சணம் பிடிக்கும்." நியாயம்தான். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் நிழல் வடக்கே விழும். எனவே கொட்டில் வடக்கோரம், ஒடியல் தெற்குப் பாதி என்பதே எமது தீர்ப்பு. இரு தரப்பும் ஒப்பின. வடக்கோரத்தில் தாங்கி இருக்கிறது. அதை நகர்த்த மேசனைக் கூப்பிட்டோம். வந்து, ஏறி, கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல்வீடு கட்டேக்க மாத்துவம்."