இரண்டு கணு ஆழம்

வலது கால் செருப்பு இன்னும் கழன்றிருக்காது. பாதி உடம்பு வாசலுக்கு வெளியேதான் இருக்கும். அதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் எங்கள் வீட்டு மணி பிளான்ட் தொட்டிக்குள் போய்விடும். கண்ணை மூடிக்கொள்வார். நாடி பிடிக்கிற வைத்தியர் தோற்றார். மூன்று விநாடி மௌனம்.

"ஈரம் ஜாஸ்தி சார். கொன்னுடுவீங்க."

அதற்கப்புறம்தான் "சௌக்கியமா?" அது எனக்கா, செடிக்கா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஹாலில் அரேகா பாம் வளர்க்கிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை, நர்சரியில் வாங்கி வந்து, ஊற்று ஊற்று என்று தண்ணீர் ஊற்றி, வேர் அழுகி, மூன்றாம் மாதம் காலித் தொட்டியை பால்கனிக்கு நகர்த்திவிடுவார்கள். தொந்தரவில்லாதவர்கள். இரண்டாம் வகையின் செடி பிழைத்துவிடும். பிழைத்ததிலிருந்து நமக்குச் சனி.

எங்கள் மூன்றாம் மாடிக்காரர் இரண்டாம் வகை. வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் நோட்டு எண்ணிய விரல், ஓய்வு பெற்றபின் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அவருடைய சித்தாந்தம் எளிது. விரலை இரண்டு கணு ஆழம் விட வேண்டும். முதல் கணுவில் காய்ந்து, இரண்டாவதில் லேசாக ஈரம் தட்டினால் காத்திரு. இரண்டும் காய்ந்திருந்தால் ஊற்று. விரல் நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றியவனைக் கூப்பிட்டுக் கண்டி. "கிழமை பாத்து ஊத்தக் கூடாது சார், விரல் பாத்து ஊத்தணும்" என்பார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரி. மேல் மண் வெளுத்துக் கிடக்கும், உள்ளே சேறாக இருக்கும். வீட்டுக்குள் வளர்கிற பாம்கள் தாகத்தில் செத்ததைவிட நம் பாசத்தில் மூழ்கிச் செத்ததுதான் அதிகம். தப்பாகப் பேசுகிறவரை மறுத்துப் பேசி அனுப்பிவிடலாம். சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

விரல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு பட்டியல் என் மனைவி வைத்திருக்கிறாள். பல் டாக்டரின் வரவேற்பறை. மின்சார வாரியத்தில் பில் கட்டும் இடத்துச் செம்பருத்தி. ஒரு துக்க வீட்டில், மாலையும் கையுமாக நின்றவர், இன்னொரு கையால் வராந்தா குரோட்டன்ஸைச் சோதித்தார். கல்யாண மண்டபத்து மேடையில் மணமக்களுக்குப் பின்னால் வாடகைக்கு வைத்திருந்த பாமுக்குள் விட்ட விரல் தெர்மாக்கோலில் போய்ச் சிக்கி, வெள்ளை முத்துகளோடு வெளியே வந்தது. போட்டோவில் மொய்க் கவர் நீட்டுகிற கையில் அந்த முத்துகள் இருக்கின்றன. அதே விரலோடுதான் எங்கள் வீட்டில் காபி டம்ளரை வாங்குவார். இப்போதெல்லாம் காபிக்கு முன்னால் ஈரத்துணி போகிறது. அதைத் தனக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறார்.

மற்ற குணங்கள் பெரிதாக இல்லை. யாராவது "பாக்குச் செடி நல்லா வந்திருக்கே" என்றால் முகம் சுருங்கும். "பாக்கு வேற, இது வேற. இதுக்கு மடகாஸ்கர்" என்பார், சம்பந்தி ஊரைச் சொல்வதுபோல. பெயர் மட்டும் நம் பக்கத்துச் சரக்குதான். மலையாளத்து அடய்க்க, நம் அடைக்காய்க்கு உடன்பிறப்பு, போர்த்துக்கீசியர் வாயில் விழுந்து அரேகா ஆனது. பாக்கு காய்க்காத செடிக்கு எவனோ அந்தப் பெயரை வைத்துவிட்டான். நாசா கதையும் உண்டு. "காத்தைச் சுத்தம் பண்றதுன்னு நாசாவே சொல்லியிருக்கான்." 1989இல் வந்த அந்த நாசா அறிக்கையில் இருந்தது மூங்கில் பாம், அரேகா இல்லை, சோதனையும் மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் கிடைக்கிற பலனைச் செடியால் பெற ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டும் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது. இதை ஒரு முறை சொன்னேன். "அப்ப இன்னும் ரெண்டு வாங்கலாம்கறீங்க" என்றார்.

போன வருஷம் மகளின் பிரசவத்துக்கு அவர் டாலஸ் போனபோது சாவி என்னிடம் வந்தது. சாவியோடு ஒரு பயிற்சியும். என் கையைப் பிடித்துத் தன் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "உங்க விரல் குட்டை சார். உங்க ரெண்டு கணு எனக்கு ஒண்ணரைதான்" என்று பால்பாயின்ட் பேனாவால் என் விரலில், இரண்டாம் கணுவுக்கு மேலே ஒரு கோடு போட்டார். தினமும் அழித்து அழித்துப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

காலை ஏழரைக்கு வீடியோ கால். அங்கே இரவு ஒன்பது. பேரன் பிறந்த நாளன்றும் தவறவில்லை. கேமராவில் குழந்தையின் முகம் ஒரு கணம் தெரிந்தது; உடனே, "விரலைக் காட்டுங்க சார். கிட்டக்க. நகம் தெரியற மாதிரி." நான் மண் ஒட்டிய விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் அவர் மகள், "அப்பா, அந்த அங்கிளை விட்டுடுங்கப்பா" என்றது கேட்டது. நல்ல பெண்.

ஒரு நாள் இலை நுனி பழுத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். போர் தண்ணீர் உப்பு நுனியில்தான் முதலில் காட்டும். மறுநாளிலிருந்து எங்கள் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் வாளி. அதில் உப்பில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாளி நிரம்பிவிட்டதா என்று பார்த்திருக்கிறேன், நான்.

இதுவரை சிரித்தாயிற்று. சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மழை வந்தால் தொட்டி மொட்டைமாடிக்குப் போக வேண்டும். மழைத் தண்ணீர் மண்ணில் படிந்த உப்பைக் கழுவிவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பீங்கான் தொட்டியை ஈர மண்ணோடு தூக்குவது அவர் இல்லை. வாட்ச்மேன் அண்ணன். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, முதுகில் எப்போதும் ஒரு வலி நிவாரணிப் பட்டை. மொட்டைமாடிவரை லிஃப்ட் கிடையாது. மழை விட்டதும் மறுபடி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் இலை கருகும். நவம்பரில் ஒரே வாரத்தில் நான்கு தடவை. தடவைக்கு இருபது ரூபாய். ஒரு இலையின் நுனிக்காக ஒரு மனுஷனின் முதுகா என்று கேட்க நினைத்து, கேட்காமல், ஒரு பக்கம் நானும் பிடித்திருக்கிறேன். அது இன்னும் மோசம்.

இதில் வேடிக்கை, நான்கு வருஷத்துக்கு முன் தொட்டி மாற்றும்போது, இடம் போதாமல் புதரிலிருந்து இரண்டு தண்டைப் பிரித்து அவர் குப்பைக்கு அனுப்பினார். வாட்ச்மேன் அண்ணன் அதை எடுத்து பம்ப் ரூம் பக்கத்தில் நட்டார். சுவர் நிழல், டேங்க் வழிகிற தண்ணீர். ஏசி தெரியாது, நாசா தெரியாது. இப்போது அண்ணனைவிட ஒரு முழம் உயரம், புதிதாக ஏழெட்டுத் தண்டு. இவர் தினம் இரண்டு வேளை அதைக் கடந்து போகிறார். கவனித்ததில்லை.

போன மாதம்தான் நின்றார்.

"இது என்ன செடிப்பா?"

"உங்களுதுதான் சார்."

சுற்றி ஒரு தரம் வந்தார். மட்டையைத் தடவினார். இலை நுனியைத் திருப்பிப் பார்த்தார். பழுப்பு இல்லை. "தண்ணி யாரு விடறா?"

"மோட்டார் போட்டு மறந்துட்டா வழியும். அதுவே குடிச்சுக்கும்."

குனிந்தார். எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. "சார், அது கல்லு மண்ணு, உள்ள போவாது" என்பதற்குள் விரல் இறங்கிவிட்டது. இறங்கவில்லை என்பதுதான் சரி. உள்ளே கட்டடம் கட்டிய காலத்து ஜல்லி.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு, சுண்டைக்காய் அளவு ரத்தம் கசிந்திருந்தது. மனைவி ஈரத்துணி இல்லாமலே காபி கொடுத்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் குடித்தார். கண் மட்டும் மணி பிளான்ட் தொட்டி மேலேயே இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சார், உங்க விரலைக் கொஞ்சம் கொடுங்க."